அயலவர் பிணை
பிரீட்றிக் வில்ஹெல்ம் றைபைசன் (1818 – 1888)

ஜேர்மனியிலோ சுவிற்சர்லாந்திலோ ஒஸ்திரியாவிலோ வாழும் எம்மவருள் றைபைசன் என்னும் பெயரைக் கண்ணால் காணாதார் மிகச் சிலரே. சிற்றூர்ச் சந்தியில் உள்ள வங்கியின் பெயர்ப் பலகையிலும், விதையும் உரமும் மாட்டுத் தீனியும் விற்கும் களஞ்சியச் சுவர்களிலும் அப்பெயர் எழுதப்பட்டிருக்கும். ஒஸ்திரியாவில் குறுக்காக அமைந்த இரு குதிரைத் தலைகள் அதன் சின்னம். ஒல்லாந்தின் றபோ வங்கியின் பெயரில் முதலில் நிற்கும் எழுத்தும் இதிலிருந்து எடுக்கப்பட்டதே. அகதி விண்ணப்பம் ஏற்கப்பட்டு, வேலை கிடைத்து, முதற் சம்பளத்தைப் பெறுவதற்குக் கணக்குத் திறக்கச் சென்ற பலர் இவ்வாயில்களுள் ஒன்றினூடாகவே சென்றிருப்பர். அது ஒரு வணிகப் பெயர் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். அவர் வங்கியாளர் அல்லர், செல்வந்தர் அல்லர், பல்கலைக்கழகத்தை எட்டிப் பார்த்தவரும் அல்லர். நாற்பத்தேழு வயதில் நோயின் காரணமாக ஓய்வுபெற்று, எழுத்தை வாசிக்க இயலாத கண்களோடு எஞ்சிய காலத்தைக் கழித்த ஒரு சிறிய அரசாங்க உத்தியோகத்தர்.

றைபைசன் 1818 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 30 ஆந் திகதி, சீக் ஆற்றங்கரையில் உள்ள ஹம் என்னும் ஊரில், ஒன்பது பிள்ளைகளுள் ஏழாமவராகப் பிறந்தார். ரைன் நதிக்குக் கிழக்கே மேடும் காடுமாகக் கிடக்கும் வெஸ்டர்வால்ட் பிரதேசத்தைச் சேர்ந்தது அவ்வூர். தந்தையார் சில காலம் அவ்வூரின் நிருவாகத் தலைவராக இருந்தவர். பின்னர் நோயுற்றுப் பதவியை இழந்தார். குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. பிள்ளைகளை வளர்த்தெடுத்த பாரம் தாயார் அமலியாவின் தோளில் விழுந்தது. உயர் பாடசாலைக்கு அனுப்பப் பணம் இல்லாமையால், ஊர்ப் போதகர் சைப்பெல் என்பவரே சிறுவனுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார். பின்னாளில் றைபைசனின் எழுத்துகளில் பொருளாதாரமும் வேதாகமமும் பிரித்தெடுக்க முடியாதவாறு கலந்து கிடப்பதற்கு இதுவே தோற்றுவாய்.

வறிய குடும்பத்து அறிவுள்ள இளைஞனுக்கு அக்காலப் பிரசியாவில் திறந்திருந்த வழி இராணுவம் ஒன்றே. பதினேழு வயதில் கொலோன் நகரிற் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். கண்ணோய் ஒன்று வந்து 1843 இல் அவரை அங்கிருந்து வெளியேற்றியது. படையிலிருந்து விலகியோருக்கு அரசு வழங்கும் எழுத்து வேலைகளிலிருந்து தொடங்கி, மாயன் மாவட்டத்திற் செயலாளராகப் பணிபுரிந்து, 1845 இல் தமது இருபத்தேழாவது வயதில் வையர்புஷ் என்னும் தொகுதிக்குத் தலைவராக நியமனம் பெற்றார். ஜேர்மன் மொழியில் இப்பதவிக்குரிய சொல்லை நகரபிதா என்று பெயர்க்கலாம். ஆனால் அங்கு நகரமும் இல்லை. மக்கள் தெரிவு செய்த பிதாவும் இல்லை. இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்களை ஒன்றாகக் கட்டி, மேலிடம் நியமித்த ஒருவரின் கையில் ஒப்படைக்கும் முறை அது. முன்னாளில் எமது பகுதிகளில் இருந்த மணியகாரர் பதவியை நினைத்துக் கொண்டால் அதன் தன்மை ஓரளவு விளங்கும்.

அந்த ஊர்களின் நிலையைச் சற்று விரிவாகச் சொல்லல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மன் நாடுகளில் இயற்றப்பட்ட சட்டங்கள் குடியானவரைப் பண்ணைப் பிரபுக்களின் பிடியிலிருந்து விடுவித்தன. நிலம் அவனுடையதாயிற்று. அதனை விற்கலாம், ஈடு வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பங்கிடலாம். பழைய கடமைகளிலிருந்து விடுபடுவதற்குப் பெரும்பாலும் பணமாகக் கொடுத்துத் தீர்க்க வேண்டியிருந்தது. வெஸ்டர்வால்ட் வழக்கப்படி நிலம் பிள்ளைகள் யாவருக்கும் பங்கிடப்பட்டமையால், தலைமுறைக்குத் தலைமுறை துண்டுகள் சிறுத்தன. சட்டம் ஒரு கதவைத் திறந்தது. அக்கதவுக்கு அப்பால் நடப்பதற்குத் தேவையான கடன் வசதியை எவரும் அமைக்கவில்லை. நகர வங்கிகள் வணிகருக்கும் பிரபுக்களுக்கும் உரியன. இரண்டு ஏக்கர் மேட்டு நிலமும் ஒரு கறவையும் உடைய குடியானவனுக்குச் சிறு தொகையைக் கடனாகக் கொடுப்பதானால், அவனை விசாரிக்கும் செலவும் உறுதி எழுதும் செலவும் வட்டியை விட மேலாகிவிடும்.

ஆகவே அவன் மாட்டு வணிகரிடம் சென்றான். மாட்டை வாரத்துக்கு விடும் முறை அங்கே பரவலாக இருந்தது. மாடு வணிகரின் உடைமை. தீனி போட்டுப் பராமரிப்பது குடியானவன். பால் அவனுக்கு, கன்றில் வணிகருக்குப் பங்கு. விரும்பிய வேளையில் வணிகர் மாட்டை ஓட்டிச் செல்லலாம். கொழுத்த மாட்டைக் கொண்டுபோய் மெலிந்த மாட்டைக் கட்டிவிடுவதும் உண்டு. அடுத்த பருவத்துக்கு விதை வாங்கவும் அதே மனிதரிடமே செல்ல வேண்டும். விளைந்ததை விற்பதும் அவருக்கே. ஒற்றிக்குக் கொடுத்த காணியை மீட்க முடியாது இரண்டு தலைமுறை தவித்த குடும்பங்களை அறிந்த எமக்கு இது புதிய கதையன்று.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் கூறிவிடுதல் நேர்மை. அப்பகுதி மாட்டு வணிகரிலும் வட்டிக்குக் கொடுப்போரிலும் யூதர் பலர் இருந்தனர். நூற்றாண்டுக் கணக்காக யூதர் நிலம் வைத்திருக்கவும் கைவினைச் சங்கங்களிற் சேரவும் தடை விதித்து, வணிகமும் வட்டித் தொழிலுமே அவர்களுக்கு எஞ்சும்படி செய்தவை ஐரோப்பியச் சட்டங்களே. சட்டம் ஒரு சமூகத்தை ஒரு மூலைக்குள் தள்ளியது. பின்னர் அம்மூலையில் நின்றமைக்காகவே அச்சமூகம் தூற்றப்பட்டது. றைபைசன் இதனைக் காணவில்லை. அவருடைய எழுத்துகளில் யூதருக்கு எதிரான வசைகள் உள்ளன. அவருக்குப் பின் வந்த கிராமியச் சங்கங்களின் ஏடுகளில் அந்நஞ்சு இன்னும் தடித்தது. நிறுவனங்களின் குறையை இவ்வளவு கூர்மையாகக் கண்டவர், ஓர் இனத்தின் மீது பழி சுமத்தும் பழக்கத்தைத் தாண்ட முடியாதிருந்தார். அவரைக் கொண்டாடும் விழா மலர்கள் நெடுங்காலம் இதனைச் சொல்லாது கடந்தன. இனத்தின் பெயராற் கடைகள் எரிக்கப்பட்ட நாட்டிலிருந்து வந்த நாம் அவ்வாறு கடந்துவிட முடியாது.

வையர்புஷ்ஷில் அவர் பதவியேற்ற காலம் கொடியது. 1845 இலிருந்து உருளைக்கிழங்கை அழுகல் நோய் தாக்கியது. 1846 இல் தானிய விளைச்சலும் பொய்த்தது. 1846 – 47 குளிர்காலத்தில் அம்மேட்டு நிலத்தில் மக்கள் பட்டினி கிடந்தனர். அரசு தன் களஞ்சியத்திலிருந்து மாவை அனுப்பியது. ஆனால் கைமேற் பணத்துக்கு மட்டுமே கொடுத்தல் வேண்டும் என்பது மேலிடத்தின் கட்டளை. பணம் உள்ளவன் பட்டினி கிடப்பானா என்று எண்ணிப் பார்க்க அலுவலகத்தில் எவருக்கும் தோன்றவில்லை. இளந்தலைவர் அக்கட்டளையை மீறினார். வறியோருக்குக் கடனாகக் கொடுத்தார். வசதி படைத்தோரிடம் பணந் திரட்டி ஒரு ரொட்டிச் சங்கத்தை அமைத்து, தானியத்தை மொத்தமாக வாங்கி, பொது வெதுப்பகம் ஒன்றைக் கட்டினார். சந்தை விலையில் ஏறக்குறைய அரை விலைக்கு ரொட்டி கிடைத்தது. அறுவடை வந்தபின் கடன்கள் திருப்பப்பட்டன.

அக்காலத்தில் இதனை விடக் குறைவாகப் பேசப்பட்ட இன்னொரு வேலையையும் அவர் செய்தார். தொகுதிக்குப் பாடசாலை கட்டினார். வெஸ்டர்வால்ட் மேட்டிலிருந்து ரைன் நதியை நோக்கிச் செல்லும் தெருவை அமைக்க முன்னின்றார். விளைபொருளை ஆற்றங்கரைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாதவன் வாசலில் வந்து நிற்கும் வணிகரின் விலைக்கே விற்பான் என்பதை அவர் அறிந்திருந்தார். இன்று அத்தெருவுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

1848 இல், ஐரோப்பா எங்கும் புரட்சி கிளர்ந்த அதே ஆண்டில், முப்பதுக்கு மேற்பட்ட சிற்றூர்களைக் கொண்ட பிளாமர்ஸ்பெல்ட் தொகுதிக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு வசதியற்ற விவசாயிகளுக்கு உதவும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ஏறக்குறைய அறுபது வசதியாளர்கள் அதிற் சேர்ந்தனர். அவர்கள் கொடுத்தது நன்கொடையன்று, கையொப்பம். சங்கம் வாங்கும் கடனுக்குத் தம் முழுச் சொத்தும் பிணை என ஒவ்வொருவரும் ஒப்புக் கொண்டனர். அப்பிணையின் பலத்தில் வெளியிலிருந்து நியாய வட்டிக்குப் பணம் கிடைத்தது. அதனால் மாடு வாங்கி வறியோருக்குக் கொடுத்தனர். ஐந்து ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தி முடித்ததும் மாடு அவனுடையது. மாட்டு வணிகர் கையில் இருந்த ஆயுதத்தை அப்படியே எடுத்து அதன் கூரை மறுபக்கம் திருப்பிய செயல் இது.

1852 இல் ரைன் கரையில் நொய்வீட் நகரையொட்டிய ஹெடஸ்டோர்ப்புக்கு மாற்றம் கிடைத்தது. அங்கு 1854 இல் ஒரு தரும சங்கத்தைத் தொடங்கினார். கடன், மாடு, கைவிடப்பட்ட பிள்ளைகளின் வளர்ப்பு, சிறையிலிருந்து மீண்டோருக்கு வேலை என்று அதன் நோக்கங்கள் விரிந்தன. நோக்கங்கள் விரிய விரிய உறுப்பினரின் ஊக்கம் சுருங்கியது. தமக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு கடனுக்காக, தம் வீடும் நிலமும் என்றேனும் ஏலத்துக்கு வரலாம் என்னும் அச்சத்துடன் எத்தனை ஆண்டு ஒருவர் கையொப்பமிடுவார்? வசதி படைத்தோர் ஒவ்வொருவராக விலகினர். பெறுவோரோ சங்கத்தைத் தமதென எண்ணவில்லை. தரும காரியத்திற்குக் கொடுக்கப்பட்ட பணம்தானே என்று கருதியோரும் இருந்திருப்பர்.

றைபைசன் இப்பாடத்தை எளிதிற் கற்றுக்கொள்ளவில்லை என்பதே எனக்கு அவரிடம் ஈடுபாட்டை உண்டாக்கியது. அயலானிடத்து அன்பு என்பது அவருக்கு வேதக் கட்டளை. உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்கும்போதே அக்கட்டளை நிறைவேறுகிறது என்று அவர் நம்பினார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்நம்பிக்கையை விடாது பிடித்திருந்தார். கணக்கேடு அதற்கு எதிராகச் சாட்சி கூறியது. 1862 இல் அன்ஹவுசன் பங்கிலும், 1864 இல் ஹெடஸ்டோர்ப்பிலும் அமைப்பு மாற்றப்பட்டது. இனிக் கடன் வேண்டுவோரே உறுப்பினர், உறுப்பினரே பிணையாளர். கொடுப்போர், பெறுவோர் என்னும் இரு வகுப்பு ஒழிந்தது. உலகெங்கும் பரவிய கூட்டுறவுக் கடன் சங்கத்தின் வித்து இது.

அச்சங்கங்களின் அமைப்பு மிக எளியது. ஒரு சங்கத்தின் எல்லை ஒரு கோயிற் பங்கு, அல்லது ஒரு கிராமம். அதற்கு மேல் இல்லை. உறுப்பினர் யாவரும் சங்கத்தின் கடனுக்கு வரையறையற்ற பொறுப்புடையவர். கணக்கர் ஒருவருக்கு மட்டுமே சம்பளம். தலைவருக்கும் ஏனையோருக்கும் இல்லை. கடன் இன்ன நோக்கத்துக்கு என்று கூறியே பெறல் வேண்டும். இரு அயலவர் பிணை நிற்றல் வேண்டும். இலாபம் எவருக்கும் பங்கிடப்படுவதில்லை. பிரிக்க முடியாத பொது நிதியிற் சேரும். கடனைப் பல ஆண்டுகளில் திருப்பலாம், ஏனெனில் மாடும் மண்ணும் மூன்று மாதத்திற் பலன் தருவன அல்ல.

இவ்விதிகளுக்குள் ஒரு நுட்பம் உள்ளது. நகர வங்கியிடம் இல்லாத ஒன்று கிராமத்திடம் இருந்தது, அது செய்தி. யார் உழைப்பாளி, யார் குடிக்கிறான், யாருடைய மாடு நோயுற்றது என்பதை அறியக் கிராமத்தவனுக்கு விசாரணைச் செலவு வேண்டியதில்லை. மாட்டுக்கென வாங்கிய பணம் மதுச்சாலைக்குச் சென்றால் மறுநாட் காலையிலே ஊர் அறியும். அறிந்தவன் வாளாவிருக்கவும் மாட்டான், ஏனெனில் கடன் திரும்பாவிடில் அவனுடைய காணியும் போகும். ஊர்வாய் என்று நாம் சலித்துக் கொள்கிறோமே, அதனையே ஒரு வங்கியின் மூலதனமாக மாற்றினார் றைபைசன். சொத்தில்லாத பத்துப் பேர் தனித்தனியே சென்றாற் கடன் கிடையாது. ஒருவருக்கொருவர் பிணை நின்று ஒன்றாகச் சென்றால் கிடைக்கும். பல்கலைக்கழகத்திற் பொருளாதார வரலாறு கற்பித்த நாட்களில் இதனை விளக்க நான் கரும்பலகையில் வரைபடங்கள் வரைந்ததுண்டு. சீட்டுப் பிடித்த ஒரு குடும்பப் பெண்ணிடம் கேட்டிருந்தால் மாணவர்கள் இன்னும் விரைவாக விளங்கியிருப்பர்.

சீட்டு என்றதும் வாசகர்களுக்கு ஓர் எண்ணம் எழும். புலம்பெயர்ந்த நகரங்களில் எம்மவர் நடத்தும் சீட்டும் இவ்வகை நம்பிக்கையில் எழுந்ததே. எத்தனையோ பேரின் பயணச் செலவையும், தங்கையின் திருமணத்தையும், முதற் கடையின் முற்பணத்தையும் அது தாங்கியது. ஆனால் கழிவு போகச் சீட்டை எடுத்தவர் ஒருவர் நகரை விட்டு மறைந்தாலோ, சீட்டைப் பிடித்தவரே மறைந்தாலோ, எஞ்சியோர் எந்த வாயிலிற் சென்று முறையிடுவர்? எழுத்தில் எதுவும் இல்லை. பொலிசுக்குப் போகலாம் என்றால் வதிவிட அனுமதி நிலுவையில் உள்ளது. ஊரில் ஒருவன் ஏமாற்றினால் அவன் வீட்டுப் படலை தெரியும். இங்கு அவன் மாற்றிய தொலைபேசி இலக்கங்கூடத் தெரியாது. நம்பிக்கை ஊரிலிருந்து எம்முடன் வந்தது. அதனைக் காத்து நின்ற அயல் வரவில்லை. றைபைசனின் பிற்கால வாழ்வு முழுவதும் ஏறத்தாழ இதே இடைவெளியோடு நடந்த போராட்டமே.

முதலாவது இடர், சங்கம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத உருவமாக இருந்தமை. அக்காலப் பிரசியச் சட்டத்தில் இத்தகைய கூட்டத்துக்குத் தனி ஆள் என்னும் நிலை கிடையாது. சங்கத்தின் பெயரில் காணி வாங்க முடியாது. வழக்குத் தொடர முடியாது. ஒவ்வோர் உறுதியும் தனி மனிதரின் பெயரில் எழுதப்பட வேண்டும். அவர் இறந்தாற் சிக்கல், அவர் மனம் மாறினாற் பெருஞ் சிக்கல். சட்டத்தின் முன் ஓர் ஆளாக நிற்க முடியாமை என்பது என்னவென்று இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்நிலையை மாற்றியவர் றைபைசன் அல்லர். ஹெர்மன் சுல்ற்சே-டெலிற்ஷ் என்னும் நீதிபதி. 1848 இன் பிரசியத் தேசிய சபையில் அங்கம் வகித்த தாராண்மைவாதி. நகரக் கைவினைஞருக்கு 1850 இலிருந்து கடன் சங்கங்களை அமைத்தவர். அவருடைய முயற்சியாற் 1867 மார்ச் மாதத்தில் பிரசியாவின் கூட்டுறவுச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு வட ஜேர்மன் கூட்டாட்சி எங்கும் விரிந்தது. பதிவு செய்த சங்கம் இப்போது ஓர் ஆள்: உடைமை கொள்ளலாம், கடன் படலாம், நீதிமன்றம் ஏறலாம்.

சட்டத்தைத் தந்த அதே மனிதரே றைபைசனின் கடும் எதிரியும் ஆனார். உறுப்பினர் பங்குப் பணம் செலுத்தாத சங்கம் சங்கமே அன்று என்பது சுல்ற்சேயின் கொள்கை. எந்நேரமும் திரும்பக் கேட்கக்கூடிய வைப்புப் பணத்தைப் பத்தாண்டுக் கடனாகக் கொடுப்பது அழிவுக்கு வழி என்றும் அவர் எச்சரித்தார். ஒரு வங்கியாளரின் நோக்கில் இவ்வெச்சரிக்கையிற் பிழையில்லை. ஆனால் பங்குப் பணம் இருந்தால் அந்தக் குடியானவன் ஏன் சங்கத்துக்கு வருகிறான்? றைபைசன் 1872 இல் ரைன் பகுதிச் சங்கங்களுக்கு நொய்வீட்டில் ஒரு மத்திய வங்கியை அமைத்தார். ஒரு பங்கில் மிஞ்சும் பணம் பணமில்லாத பங்குக்குச் செல்ல வேண்டும் என்பது நோக்கம். சங்கம் ஒன்று இன்னொரு சங்கத்தில் உறுப்பினராதல் சட்டப்படி செல்லாது என்று சுல்ற்சே பாராளுமன்றத்திற் பிரச்சினை எழுப்பினார். மத்திய வங்கிகள் கலைக்கப்பட்டன. றைபைசன் 1876 இல் அதே வேலையைச் செய்ய ஒரு பங்குக் கம்பனியைப் பதிவு செய்தார். சட்டத்தைத் திருப்தி செய்யப் பெயரளவிற் சிறு பங்குகளையும் ஏற்றுக் கொண்டார். அடுத்த ஆண்டு சங்கங்களின் ஒன்றியமும் நொய்வீட்டில் எழுந்தது.

இப்பெரும் வேலைகள் யாவும் அவர் உத்தியோகத்தை விட்ட பின்னர் நடந்தவை. 1863 இல் மனைவி எமிலியா இறந்தார். அவர்களுக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் மூவரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்திருந்தனர். 1865 இல் உடல்நிலை காரணமாக ஓய்வு பெற்றார். சிறு ஓய்வூதியத்தைக் கொண்டு குடும்பம் நடத்த முடியாது சுருட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கித் தோற்று, பின்னர் வைன் வணிகத்தில் இறங்கினார். கிராமங்களை மதுவும் கடனும் கெடுக்கின்றன என்று வருந்தியவர் வைன் விற்று வாழ்ந்தார் என்பதை அவருடைய வரலாற்றாசிரியர்கள் பதற்றமின்றியே எழுதிச் செல்கின்றனர். கடன் சங்கங்களைப் பற்றிய அவருடைய நூல் 1866 இல் வெளிவந்தது. அவர் வாழ்நாளிலேயே ஐந்து பதிப்புகள் கண்டது. 1867 இல் மரியா பென்சரோட் என்னும் விதவையை மறுமணஞ் செய்தார்.

அந்நூலையும், ஆயிரக்கணக்கான கடிதங்களையும் உண்மையில் எழுதிய கை மூத்த மகள் அமலியாவினுடையது. தந்தையின் கண்கள் ஏறத்தாழ அவிந்துவிட்ட நிலையில் அவளே வாசித்தாள், அவளே எழுதினாள், அவளே கணக்குப் பார்த்தாள். அவள் மணஞ் செய்யவே இல்லை. பொறுப்புள்ளோர் சம்பளம் வாங்கலாகாது என்ற விதியை மிக முழுமையாகக் கடைப்பிடித்தவள் அவள்தான்; ஆனால் எந்தச் சங்கத்தின் பொறுப்பாளர் பட்டியலிலும் அவள் பெயர் ஏறவில்லை. பெரிய மனிதரின் வரலாறுகளில் இத்தகைய பெண் எப்போதும் ஒரு வரியில் வந்து போகிறாள். எம்முடைய பெரிய மனிதரின் வரலாறுகளும் விலக்கல்ல.

தமது எழுபதாவது பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கையில், 1888 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆந் திகதி ஹெடஸ்டோர்ப்பில் றைபைசன் காலமானார். சுல்ற்சே-டெலிற்ஷ் ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே இறந்துவிட்டார். இருவரும் மறைந்த பின்னர், 1889 மே மாதத்தில் ஜேர்மன் பேரரசு புதிய கூட்டுறவுச் சட்டத்தை இயற்றியது. எதனால் றைபைசன் நீதிமன்ற வாயிலில் அலைக்கழிக்கப்பட்டாரோ அது அனுமதிக்கப்பட்டது: சங்கங்கள் கூடி மேற்சங்கம் அமைக்கலாம். வரையறுத்த பொறுப்புடைய சங்கங்களும் ஏற்கப்பட்டன. எல்லாவற்றிலும் முக்கியமானது கட்டாயக் கணக்காய்வு. ஒவ்வொரு சங்கத்தின் ஏட்டையும் வெளியார் ஒருவர் குறைந்தது இரு ஆண்டுக்கு ஒருமுறை வந்து பார்த்தல் வேண்டும். அயலவரின் கண் கள்வனைப் பிடிக்கும். ஆனால் அயலவர் யாவரும் விரும்பும் நல்ல கணக்கர் ஒருவர் மெல்ல மெல்லத் தவறும்போது அக்கண் தாழ்ந்து கொள்ளும். மரியாதையின் பொருட்டு ஊரார் கேட்காத கேள்வியைக் கேட்கவே அந்நியர் ஒருவர் சட்டத்தின் ஆணையோடு வந்தார்.

அதன்பின் வளர்ச்சி விரைவாயிற்று. 1914 அளவில் ஜேர்மனியில் மட்டும் 15,000 க்கு மேற்பட்ட கிராமியக் கடன் சங்கங்கள் இருந்தன. ஒஸ்திரியாவில் முதற் சங்கம் 1886 இலும், சுவிற்சர்லாந்தில் பிக்கல்சே என்னும் ஊரிற் போதகர் ஒருவரின் முயற்சியால் 1899 இலும் தோன்றின. 1900 இல் கனடாவின் கியூபெக்கில் அல்போன்ஸ் டெஜார்டின் தொடங்கிய மக்கள் கடன் சங்கமும் இவ்வைரோப்பிய முயற்சிகளைக் கற்று எழுந்ததே. 1933 இல் நாஸிகள் கிராமியச் சங்கங்களைத் தமது விவசாய அமைப்புக்குள் விழுங்கியபோது, அயலவர் நம்பிக்கையை எவ்வளவு எளிதில் அயலவர் மீதான உளவாக மாற்றலாம் என்பதையும் உலகம் கண்டது.

இக்கதை எம் கரைக்கு வந்த வழியும் உண்டு. குடியானவர் கடனிற் புதையுண்டு கிடப்பதைக் கண்ட சென்னை மாகாண அரசு, 1892 இல் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் சிவில் உத்தியோகத்தரிடம் விவசாய வங்கிகள் பற்றி ஆராயும் பணியை ஒப்படைத்தது. 1895 இலும் 1897 இலும் வெளிவந்த அவருடைய அறிக்கை சென்னை நகரத்து நிதிகளையும் ஐரோப்பியச் சங்கங்களையும் நுணுகி ஆராய்ந்தது. சட்டத்தையோ பணத்தையோ தேடுவதற்கு முன் ஒரு றைபைசனைத் தேட வேண்டும் என்பதே அதன் சாரம். அரசு தேடியது சட்டத்தை. 1904 இல் இந்தியாவின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கிராமச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பு என்னும் றைபைசன் விதியும் அதனுடன் வந்தது. இலங்கையிலும் 1911 இல் அதையொத்த கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது.

ஜேர்மனியிற் சங்கம் முதலில் எழுந்தது. சட்டம் பின்னே ஓடி வந்தது. எங்கள் நாடுகளிற் சட்டம் முதலில் வந்தது, பதிவாளர் வந்தார், பின்னர் அவர் சங்கங்களை உண்டாக்கினார். இவ்வேறுபாடு சிறியதன்று. ஆயினும் யாழ்ப்பாணத்தில் அது வேரூன்றியது. ஐக்கிய நாணய சங்கம் என்று அதற்குப் பெயரிட்டவர் எவரோ, மொழியறிந்தவர்: காசும் நாணயம், சொற்றவறாமையும் நாணயம். பாடசாலை ஆசிரியர்கள் அதன் தூண்களாயினர். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் வீரசிங்கத்தின் பெயரைத் தாங்கிய மண்டபம் இன்றும் யாழ் நகரில் நிற்கிறது. புகையிலைச் செய்கையாளர் திருவிதாங்கூர்ச் சந்தைக்காகச் சங்கம் அமைத்தனர். மூளாயில் கூட்டுறவு முறையில் மருத்துவமனையே எழுந்தது. அயலவர் யார் என்னும் வினாவுக்குச் சாதி விடை கூறிய சமூகத்திலே அயலவர் பிணை எல்லாருக்கும் ஒரே அளவில் எட்டியிருக்க முடியாது என்பதையும் மறைத்தல் ஆகாது.

ஒரு பங்கு, ஒரு சங்கம் என்னும் விதி இரு நாடுகளிலும் இன்றில்லை. மேற்கு ஜேர்மனியில் 1970 இல் ஏறக்குறைய 7,000 கூட்டுறவு வங்கிகள் இருந்தன. ஒன்றோடொன்று இணைந்து 2023 இன் இறுதியில், கிழக்கும் சேர்ந்த நாட்டிலே, 700 க்கும் கீழே வந்துவிட்டன. அவ்விணைப்புகளுக்கு உறுப்பினர் வாக்களித்தனர். இலங்கையில் 1971 இல் அரசு கிராமச் சங்கங்களை ஆணையாற் கலைத்து, பலநோக்குச் சங்கங்கள் என்னும் பெருங் கூட்டுகளாக்கியது. நிருவாக சபைகளிற் பெரும்பான்மையோரை மேலிடமே நியமித்தது. கடன் கொடுத்த சங்கம் பங்கீட்டு அரிசி நிறுக்கும் கடையாயிற்று. போர்க் காலத்தில் நிவாரண அட்டையுடன் சங்கக்கடை வாசலில் வரிசையாக நின்றவர்களுள், அக்கடை ஒரு காலத்தில் தம் பாட்டனார் தமது காணியைப் பிணை வைத்துக் கையொப்பமிட்ட சங்கத்தின் எச்சம் என்பதை அறிந்தவர் எத்தனை பேர் என்று சொல்ல முடியாது.